ஐம்பத்தாறு கால்கள்

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், ஒரு மேசை.
அதன்மேல் மூன்று டேட்டாஷீட்,
பெல்சியின் சால்டரிங் அயர்ன்,
எண்ணெய்த் தாளில் மரச்சீனி வறுவல்.
கீழே கண்டக்டர் கூவுகிறார்: ஆரல்வாய்மொழி, ஆரல்வாய்மொழி.
நாங்களும் பஸ்தான் தேடுகிறோம்
என்று அவரிடம் சொல்லவா முடியும்?

முப்பந்தலில் ஒரு காற்றாலையின் இறக்கை
உள்ளுக்குள் விரிசல் விடுகிறது.
விடும்போது ஒரு சத்தம், இரண்டு மில்லிசெகண்ட்.
மனுஷக் காதுக்கு எட்டாது, நாய்க்கும் எட்டாது.
நாலு சென்சார்,
ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு கோடி தடவை காது கொடுக்கும்.
கூட்டினால் நொடிக்கு எண்பது மெகாபைட்.
அவ்வளவையும் லேப்டாப்பில் ஏற்றிவிட
ஒரு சிப் வேண்டும். ஒன்றே ஒன்று.
மூன்று வாரமாய் அதற்குத்தான் சண்டை.

முதலாவது பழசு. யுஎஸ்பி இரண்டு.
தாளில் அறுபது, கைக்கு வருவது நாற்பது.
பலகையில் எழுதிய நேரத்துக்கு
எந்த வண்டி தோவாளை தாண்டியிருக்கிறது?

இரண்டாவது புதுசு. முந்நூறுக்கு மேல் அள்ளும்.
வயிற்றுக்கு அடியில் நூற்றிருபத்தொரு ஈய மணிகள்,
கண் படாத இடத்தில் எல்லாம் ஒன்றுபோல் உருகணும்.
எங்கள் கைக்கு அது ஆகாது, கோயம்புத்தூருக்கு அனுப்பணும்.
அனுப்ப முதலில் சரக்கு வேண்டுமே:
ஐம்பத்திரண்டு வாரம் என்று பதில் வந்தது.
அதற்குள் ஒரு முழு ஆடிக்காற்று அடித்து ஓய்ந்துவிடும்.
நான் மட்டும் அதற்கு
ஆறடுக்கு போர்டு வரைந்து முடித்திருந்தேன்,
காதலிக்கு வீடு கட்டுகிறவன் மாதிரி.

மூன்றாவது, பிசிஐ எக்ஸ்பிரஸ். ராஜபாட்டை.
அதற்கு ஒரு மேசைக் கணினியைக் கோபுரத்தில் ஏற்றணும்.
எண்பது மீட்டர் ஏணி.
தாணுலிங்கம் ஒன்றும் சொல்லவில்லை,
தன் முழங்காலைப் பார்த்தான்.

பழசை வைத்து, இரண்டு சென்சாரோடு,
வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தோம்.
மாலை நாலு பத்துக்கு இறக்கை முனகியிருக்கிறது.
கோப்பில் அந்த இடத்தில் ஒரு ஓட்டை:
லேப்டாப் அந்நேரம் தன்னைப் புதுப்பிக்கப் போயிருந்தது.
பதினொரு மில்லிசெகண்ட் அகலம்.
ஓட்டையின் மறுகரையில்
சத்தத்தின் வால் மட்டும் துடித்துக் கிடந்தது.

பெல்சி வறுவலை ஒடித்தபடி சொன்னாள்:
"எவ்வளவு வேகமா அனுப்பலாம்னே பாத்தோம்.
எவ்வளவு நேரம் கையில வச்சிருக்கலாம்னு
ஒருத்தரும் கேக்கல, பாத்தியா."

முப்பத்திரண்டு மெகாபைட் நினைவகம் ஒன்று.
ரெண்டு பிரியாணிப் பொட்டலத்தின் விலை.
நாலு சென்சாரும் அதில் வட்டமாய் எழுதும்,
எழுதியதன் மேலேயே எழுதும்,
நொடிக்கு இரண்டரை தடவை எல்லாவற்றையும் மறக்கும்.
விரிசல் கேட்டால் மட்டும் நின்றுவிடும்.
பிறகு பழைய சிப் ஆற அமர
ஒரு நொடி எடுத்துக்கொண்டு இறக்கினால் போதும்.
விரிசலுக்கு அவசரம். எங்களுக்கு இல்லை.

ஆறடுக்கு வரைபடத்தை அழிக்கவில்லை.
'பிறகு' என்று பெயரிட்டு ஒதுக்கினேன்.

ராத்திரி ஐம்பத்தாறு கால்களையும் பற்றவைத்தோம்.
முப்பத்தேழும் முப்பத்தெட்டும் ஒட்டிக்கொண்டன,
செம்புத் திரியால் உறிஞ்சிப் பிரித்தாள்.
கடைசி ஆரல்வாய்மொழி வண்டி பாதி காலியாய்ப் போனது.

எவ்வளவு சத்தம் வந்தால் விரிசல்,
எவ்வளவு வரை வெறும் காற்று?
அந்த எண்ணை இன்னும் முடிவு செய்யவில்லை.
அவள் முப்பது என்கிறாள்.
நான்