மேகம்

எண் பார்ப்பது என் தொழில்.
துறைமுகத்தில் பெட்டி இறங்க இறங்க
நாலு எழுத்து, ஏழு இலக்கம்,
சரி, அடுத்தது.
மே மாதம் ஒருநாள் மூன்றும் எட்டும் ஒன்றாகின.
கராச்சிப் பெட்டி சிட்டகொங் போனது.
குடியா என்று கேட்டார்கள்.

கொட்டாஞ்சேனையில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன்.
இடக்கண்ணில் புகை நின்றது.
இருட்டில் நடந்தால்
கால் தரையை விசாரித்துக்கொண்டே போனது.

கண் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டொக்டர்.
டோர்ச் அடித்தாள்; கண்மணி அசையவில்லை.
பேனையை மூக்கருகே கொண்டுவந்தாள்; சுருங்கியது.
மறுபடி வெளிச்சம். மறுபடி பேனை.
பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

பதினொரு வருடம் முந்தி,
ஒரு சிறு புண்.
நோகவில்லை. தானாக ஆறியது.
தானாக ஆறியதை
எந்தப் பேரேட்டில் எழுதுவது?

சிபிலிஸ் என்றாள்.
அப்பாவின் ஆட்கள் மேகம் என்பார்கள், குரலைத் தாழ்த்தி.
மழை தராத மேகம்,
முள்ளந்தண்டைப் பிடித்து ஏறியிருக்கிறது
நான் ஓவர்டைம் செய்த இரவுகளில் எல்லாம்.

"இஸ்ஸெக் வகே" என்றான் வார்ட்டில் ஒருவன்.
இறால் போல வளைந்து கிடந்தேன்.
முதுகிலிருந்து எடுத்த நீர்
பைப் தண்ணீர் போல் தெளிவாக இருந்தது.
அதில்தான் இருந்தது.

நாலு மணிக்கொருதரம் பென்சிலின்.
பதினாலு நாள், எண்பத்துநாலு.
இரவு இரண்டு மணி ஊசிக்கு நர்ஸ் வருமுன்பே
கையை நீட்டி வைத்திருப்பேன்.
கணக்கில் நான் பிழைவிடுவதில்லை.

டி சேரம் பிளேசில் பெயர்கள் கேட்டார்கள்.
அதட்டவில்லை. தேநீர்கூடத் தந்தார்கள்.
ஒரு பெயர் சொன்னேன்.
இன்னொருத்தியிடம் நான் பெயர் கேட்டிருக்கவில்லை,
முதுகில் ஒரு தீத்தழும்பு, அவ்வளவுதான்.
கடைசியாக
ஜெசிந்தா, என் மனைவி.

அவள் இரத்தத்திலும் இருந்தது.
மூன்று புதன்கிழமை, இடுப்பில் ஊசி.
ஊசி போட்டுக்கொண்டு அப்படியே வருவாள்,
வாங்கில் ஒருபக்கமாய் அமர்ந்து
சோற்றுப் பார்சலைப் பிரித்து வைப்பாள்.
மீன் முள்ளை முன்போல் எடுத்துத் தருவதில்லை.
நானே தடவி எடுக்கிறேன்.

மூன்றாம் புதன்
முகத்தை மிக அருகில் கொண்டுவந்தாள்.
என் கண்மணிகள் சுருங்கியிருக்கும்.
கோபம் என்று நினைத்தாளோ தெரியாது.
கைப்பையிலிருந்து பஸ் ரிக்கற்றை எடுத்துப் பிடித்தாள்:
கடைசி இலக்கம் என்ன?

மூன்று, என்றேன்.

சரியென்றும் சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை.
நாலாய் மடித்து
பையின் உள்ளறைக்குள் வைத்தாள்.