இருப்புப் பதிவேடு

ஸ்கூட்டியின் முன்கொக்கியில்
வலைப்பை, உள்ளே ஆறு பந்து.
மஞ்சக்குப்பம் ஆபீசிலிருந்து சிங்காரத்தோப்பு வரை
முட்டியில் இடித்துக்கொண்டே வரும்.
உப்பனாற்றுப் பாலம் இறங்கும்போதே
"பந்து மேடம் வருது" என்று சத்தம்.
பேர் யாரும் கேட்டதில்லை.
பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு
பந்து மேடம் போதும்.

தடைக்காலம்.
படகெல்லாம் கரையேறி பெயிண்டுக்குக் காத்திருந்தன.
ஆண்களுக்கு கேரம் போர்டு இரண்டு, பவுடர் டப்பா நாலு.
பையன்களுக்குக் கைப்பந்து வலை.
அதை இரண்டே நாளில் பிரித்துப் போட்டு
வேறு மாதிரி பின்னித் தந்தார் தேசிங்கு:
"என்னம்மா முடிச்சு இது,
நெத்திலிகூட சிரிக்கும்."

பெண்களுக்கு எறிபந்து, மாலை ஐந்து மணி.
சுற்றறிக்கையை ரேஷன் கடைச் சுவரில் நானே ஒட்டினேன்.
ஐந்து மணிக்கு நானும் ஒரு ஆடும்.
ஐந்தரைக்கு ஆடு போய்விட்டது,
சுற்றறிக்கையில் பாதியைத் தின்றுவிட்டு.

அஞ்சலாட்சி கருவாட்டுக் கூடையைக்
கவிழ்த்துத் தட்டிக்கொண்டே சொன்னாள்:
"அஞ்சுக்கு சந்தையிலேர்ந்து பஸ்ஸு.
ஆறுக்கு ஒலை. ஏழுக்குத் தண்ணி லாரி.
எட்டுக்கு அந்தாளு.
ஒங்க கவுருமெண்டுல பத்து மணி இருக்கா?"

படிவத்தில் பத்து மணி இல்லை.
வந்தேன்.

ஹைமாஸ் விளக்கு
மூன்று பல்பு எரிகிறது, ஐந்து எரியவில்லை.
நைட்டி மேல் துண்டு போட்டுப் பதினொரு பேர்.
மணலில் காலால் கோடு கிழித்தாயிற்று.
நான் விதி சொல்ல விசிலை எடுத்தேன்.
"ஊதாத! எழுந்துக்குவாங்க."

அதனால் கையைத் தூக்கினால் புள்ளி,
தலையை ஆட்டினால் தப்பு.
தாலியை வாயில் கவ்விக்கொண்டு எம்புகிறாள் ஒருத்தி.
விழுந்தவள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு
குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.
பந்து கைக்குள் விழும் பொத்தென்ற ஓசை,
அதன் பின்னால் கடல்.
கடலை யாரும் அடக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அஞ்சலாட்சி
"ஒரு ஆள் கொறையுது" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.
பல்கலைக்கழக அணியில் ஆடியது பத்தொன்பது வயதில்.
பிறகு விளையாட்டை
எண்ணித்தான் பழக்கம், பில் போட்டுத்தான் பழக்கம்.
செருப்பைக் கழற்றினேன்.
முதல் பந்தே மூக்கில்.

மாத அறிக்கை.
நிகழ்வு: எறிபந்து. நேரம்: மாலை 5.00.
பயனாளிகள்: பன்னிரண்டு.
நேரத்தில் மட்டும் பொய்.

இருப்பு: பந்து ஆறு.
கையில் ஐந்து.
ஒன்று கடலில் போனது என்று எழுதி
சம்பளத்தில் அறுநூற்று நாற்பது பிடிக்கச் சொல்லிவிட்டேன்.
காலையில் கருவாட்டுக் கூடையின் அடியில்
அது சந்தைக்குப் போய் வருகிறது என்று எழுத
கட்டம் எதுவும் இல்லை.