ஒன்பதாம் வரி

டுலூத்தில் அக்டோபர்.
பாலத்தைத் தூக்கச் சொல்லி
ஏரியிலிருந்து ஊதுகிறது ஒரு சரக்குக் கப்பல்.
சமையலறை மேசையில் பதினோரு கல்லூரிகள்:
சிவப்பில் நான்கு, மஞ்சளில் நான்கு, பச்சையில் மூன்று.

சிவப்பு, கொம்புத் தேன்.
நூறு பேர் கதவைத் தட்டினால்
ஐந்து பேருக்குத் திறக்கும்.
இயந்திரப் பொறியியல் என்று குறித்தால்
அந்த ஐந்தும் நான்காகும் என்கிறார்
பள்ளி ஆலோசகர் லிண்ட்குவிஸ்ட்.
மஞ்சளில், என் மதிப்பெண்ணும் அவர்கள் கேட்பதும்
ஏறக்குறையத் தோளுக்குத் தோள்.
பச்சை, காப்பு.

"காப்பு என்றால்? அங்கே திருட்டுப் பயம் இல்லையா?"
விரலிடுக்கில் கிரீஸைத் தேய்த்தபடி கேட்டாள் அம்மா.
லிஃப்ட் பழுதுபார்ப்பவள்.
"இல்லைம்மா. நிச்சயம் இடம் கொடுப்பார்கள்."
"ஓ. எங்களுக்குக் காப்பு என்றால்
கம்பி அறுந்ததும் தண்டவாளத்தைக் கவ்வும் பல்."
அடுத்த மூச்சிலேயே,
"ஒரு விண்ணப்பத்துக்கு எவ்வளவு?"

கூட்டினோம்.
குளிர்கால டயருக்கென்று வைத்திருந்த உறையை
எண்ணினோம்.
இரண்டு சிவப்பு போயின.

மிச்சச் சிவப்புக்கெல்லாம் கட்டுரை தயார்,
காதல் கடிதம் மாதிரி,
நான்கு முறை திருத்தி.
ஒன்பதாம் வரிக்கு ஒரு சொல்லும் இல்லை.
'எங்கள் கல்லூரி ஏன்?' என்கிறது படிவம்.
நீங்கள் மறுக்கமாட்டீர்கள் என்பதால்.
இதை எப்படி நாசூக்காக எழுதுவது?

சனிக்கிழமை, பழைய டயரிலேயே,
எழுபது மைல்.
பார்வையாளர் நாள் இல்லை; யாரும் வரவேற்கவில்லை.
கிடங்கு போலொரு ஆய்வுக்கூடம், பின்னால் குளம்.
ஓடம் செய்திருந்தார்கள்,
கான்கிரீட்டில்.
ஆமாம், கான்கிரீட்டில்.
ஆறு பேர் சுமந்து வந்து நீரில் விட்டார்கள்.
மிதந்தது!
நாலாவது துடுப்பு வரை.
பிறகு நடுவில் ஒரு சத்தம்,
பிஸ்கட் ஒடிவதுபோல.

இடுப்பளவு குளிர்நீரில் நின்றபடி
பெர்னெல் என்று சட்டையில் தைத்திருந்த பெண் கத்தினாள்:
"விரிசல் எங்கே தொடங்கியது? யாராவது பார்த்தீர்களா?"

நான் பார்த்திருந்தேன்.
இடப்பக்கம், மூன்றாம் விலாவுக்குக் கீழே.
சொன்னேன்.
யார் நீ என்று கேட்கவில்லை அவள்,
அளவு நாடாவை என்னிடம் எறிந்தாள்.

வீட்டுக்கு வந்து நிறம் எதையும் மாற்றவில்லை.
பச்சை பச்சைதான்.
சிவப்பின் மேல் ஆசையும் விடவில்லை.
சாக்ஸ் இன்னும் ஈரம்.
கழற்றாமலே ஒன்பதாம் வரியைத் திறந்து
எழுத ஆரம்பித்தேன்:

உங்கள் ஓடம் மூழ்கியபோது
நான் கரையில் நின்றிருந்தேன்.