பச்சைக் கைலித் துணி

சிங்கம்புணரியில் பஸ் மாறும்போதே
முதல் பொய்யைச் சொல்லிவிட்டேன்.
"கூட வர்றவங்க முன்னாடியே போயிட்டாங்க."
அடிவாரத்துக் கடையில்
தண்ணீர் பாட்டில் வாங்கும்போது இரண்டாவது:
"பின்னாடி வர்றாங்க."
முன்னும் பின்னும் இல்லாத ஆட்களுக்கு நடுவே
பிரான்மலை ஏறத் தொடங்கினேன்.

மாசி மாதம், புதன்கிழமை, எட்டேகால்.
சகர்பானுவிடம் மட்டும் உள்ளதைச் சொல்லியிருந்தேன்.
"பாம்பு கடிச்சா லீவ் லெட்டர் நான் எழுதிடறேன்" என்றாள்.

தர்காவுக்குப் போகிற பாதையில் ஆட்கள்.
இடப்பக்கம், பாறையைச் சுற்றி
ஆடு போன தடம் ஒன்று பிரிந்து
மலையின் முதுகோடு போயிற்று.
உசிலை, வெப்பாலை, விலகவே விலகாத காரை.
இலை கொட்டிய தணக்கு மட்டும்
வெளுத்த உடம்போடு
வெட்கமில்லாமல் நின்றது.

அடுத்தவர் வீட்டு மீட்டர் பார்க்கிற வேலை எனக்கு.
கானாடுகாத்தான் பக்கம் பாதி வீடு பூட்டுதான்.
தெருவுக்குத் தெரு நீளும் சுவர்,
நாற்பது சன்னல், ஒரு காக்காய்.
கம்பியில் முகம் வைத்து எட்டிப் பார்த்துவிட்டு
'கதவு பூட்டு' என்று குறித்து நகர்வேன்.
இங்கே குறிக்க எதுவும் இல்லாமல்
கண் சற்று நேரம் தடுமாறியது.
கண்டதையெல்லாம் எண்ணியது:
ஏழு தவிட்டுக்குருவி,
மூன்று கரையான் புற்று,
ஒரு தீப்பெட்டி.

தடம் செத்துப்போன இடத்தில்
காரைக் கிளையில் ஒரு முடிச்சு.
பச்சைக் கைலிக் கிழிசல்.
இருபதடி தள்ளி இன்னொன்று.
பயந்தேன். இல்லையென்று ஏன் சொல்ல.
கைக்கு அடங்குகிற கல்லாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.
கிட்டே போனால் சாயம் போய்
நூல் நூலாகப் பிரிந்திருந்தது,
இரண்டு கோடையாவது கண்ட துணி.
கல்லைப் போடவில்லை.
நடந்தேன்.

பதினோராவது முடிச்சோடு துணி தீர்ந்தது.
அங்கே ஒன்றுமில்லை.
சுனை இல்லை, சாமி இல்லை,
கீழே ஊர்கூடத் தெரியவில்லை.
சாய்ந்த பாறை. அதன்மேல் உசிலை நிழல்,
ஓர் ஆள் உட்காரும் அளவு.
இரண்டு பேர் என்றால்
ஒருவருக்கு வெயில்தான்.

உட்கார்ந்தேன்.
புளிசாதம் கொஞ்சம் உறைத்தது.
சாக்ஸில் ஒட்டிய நாயுருவியை
ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
எத்தனை என்று தெரியாது.
ஆடு மேய்க்கிறவனோ, கடன்காரனுக்கு ஒளிந்தவனோ,
முழுக் கைலியைக் கிழித்து
இந்த ஒன்றுமில்லாத இடத்துக்குத்
தனக்குத்தானே வழி சொல்லி வைத்தவன்
அடிவாரத்தில் என்ன பொய் சொல்லியிருப்பான்?

செம்போத்து ஒன்று எங்கோ உம்உம் என்றது.

பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கினால்
திரும்பிவிட வேண்டும், அது நான் போட்ட சட்டம்.
முதுகு இன்னும் நீண்டுதான் கிடந்தது.
கொஞ்சம் ஆசை. முழங்கால் சம்மதிக்கவில்லை.
ஒன்று நாற்பதுக்கு எழுந்தேன்.
கல் அப்போதும் கையில் இருந்தது.
பாறைமேல் வைத்துவிட்டு வந்தேன்,
அடுத்து வருகிறவளுக்குத் தேவைப்படும்.

நாலரை மணி பஸ்ஸில்
"எத்தனை பேரு?" என்ற கண்டக்டர்
எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச்
சொன்னேன்:
"ஒண்ணு."