இருபத்திரண்டு மணி நேரத்துக்கு

ஐந்து ரோட்டுக் கடையில்
மோனிஷ் என்கிற பையன் பரப்பி வைத்தான்:
கழுத்தில் மாட்டும் குட்டி மின்விசிறி,
வெதுவெதுவென்று கண்ணைப் பிடித்துவிடும் முகமூடி,
சோப்பு டப்பா அளவில் பவர் பேங்க்.
"இதைக் கைப்பையிலதான் வெக்கணும்க்கா,
பெட்டியில போட்டா எடுத்துடுவாங்க."

பெங்களூரில் ஏறி, தோஹாவில் மாறி,
மான்ட்ரியல்.

முகமூடி வேண்டாம், கண்ணை மூட எனக்கே தெரியும்.
விசிறி வேண்டாம்,
கழுத்துக்கு இன்னொரு கயிறு எதற்கு?

கடைசியாக ஹெட்போனை எடுத்தான்.
"எஞ்சின் சத்தமே கேக்காதுக்கா."
அங்கே ஏசி மட்டும்தான் முனகிக்கொண்டிருந்தது.
அதை நிறுத்தப் பதினெட்டாயிரமா?
"தறிக்குப் போட்டுப் பார்க்கட்டுமா?"
சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
ஸ்கூட்டர் ஆர்.சி.யைப் பிணையாக வாங்கிக்கொண்டு
ஒரு மணி நேரம் கொடுத்தான்.

அம்மாபேட்டை. பதினாறு விசைத்தறி, ஒரே தகரக் கூரை.
பொத்தானை அழுத்தினேன்.

முழுசாக அடங்கவில்லை.
அடுத்த தெருவில் மழை பெய்வதுபோல் ஆனது.
நாடா ஓடுகிறது, அறையவில்லை.
தில்லைக்கரசியின் வாய் அசைகிறது.
இருபத்தோரு வருஷமாய்
அந்த வாயைப் பார்த்தே பேச்சைப் படித்தவள் நான்,
இன்றைக்குப் படிக்கவில்லை.
என் மூச்சு கேட்டது.
எச்சில் விழுங்குவது கேட்டது.
இவ்வளவு பக்கத்திலா இருந்தேன்?

வந்து தோளைத் தட்டினாள்.
ஒன்பதாம் தறியில் பாவு அறுந்து
நாலு விரற்கடைக்குப் பொத்தலாய் நெய்து வைத்திருந்தது.
மற்ற நாளில் எனக்கு முதுகே போதும்.
பதினாறில் ஒன்று தாளம் தப்பினால்
சோற்றில் வைத்த கையோடு எழுந்துவிடுவேன்.

திட்ட ஆளில்லை. தப்பு என்னுடையது.
பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில்
"வேண்டாம் தம்பி" என்பதை
எப்படிச் சொல்வதென்று யோசித்தபடி வந்தேன்.

தம்பிக்கு, கூடப் பிறந்தவனுக்கு,
வரும் புதன்கிழமை நெஞ்சைத் திறக்கிறார்கள்.
இறங்கியதும்
அவன் கட்டிலருகே பீப் அடிக்கிற ஒவ்வொன்றுக்கும்
நான் காது கொடுக்க வேண்டும்.
ஏறுகிறவரை இந்தப் பதினாறு.
நடுவில், அந்த உயரத்தில்,
எந்த இழை அறுந்தாலும்
முடிச்சுப் போட என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"
"நஷ்டம். அரை முழத் துணி போச்சு."
அவன் முகம் விழுந்தது.
ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்தேன்.

"பில் போடு.
அந்த சோப்பு டப்பாவையும் சேர்த்துக்கொள்.
பாதி வழியில்
எதுவும் நின்றுவிடக் கூடாது."