உப்பிட்டவரை

தலைஞாயிற்றுக்குக் கிழக்கே, கடைமடை.
மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரவில்லை;
அடப்பாற்றில் கடல் ஏறி வந்துவிட்டது.

மீட்டரைச் சேற்றில் அமிழ்த்துகிறாள் ஜோஸ்பின்.
ஏழு புள்ளி இரண்டு.
தாள் நனைந்துபோனதால் உள்ளங்கையில் எழுதுகிறாள்.

அவள் காலடியில், குறுவை நாற்றின் வேருக்குள்
பொட்டாசியத்துக்கு வைத்த வாசலில்
சோடியம் நுழைகிறது.
அதே சாயல். யாரும் நிறுத்தவில்லை.

தண்ணீரில் நின்றபடி தாகம்.
இலைத்துளைகள் சாத்திக்கொள்கின்றன.
செல்லின் சவ்வில் ஒரு பம்பு
மும்முனை மின்சாரத்துக்குக் காத்திராமல்
வந்ததை இறைக்கிறது,
வருகிறது, இறைக்கிறது.
மிஞ்சியதை நடுப்பையில் தள்ளிப் பூட்டுகிறது.
பையும் நிறைந்தால்
மூத்த இலைக்கு அனுப்பும்.
நுனி வெளுக்கும், சுருளும்.
குருத்துக்குத் தெரியாது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றவர்கள்
நெல்லைக் கேட்டிருக்கலாம்.
அது நினைப்பதெல்லாம்
எந்த அறையில் பூட்டுவது என்பதுதான்.

"மருந்து எதுவும் அடிக்கலாமா?"
வரப்பிலிருந்து அரங்கண்ணல்.
கருகிய இலை ஒன்றைக் கிள்ளி
நாக்கில் வைத்துப் பார்க்கிறாள்.
"ஒரு மழை போதும், கழுவிவிடும்."

மேகம் தெற்கே,
வேதாரண்யத்துக்கு மேல் நிற்கிறது.
அங்கே பாத்திகளில்
இன்று மட்டும் பெய்யாதே என்றபடி
உப்பு வாருகிறார்கள்.