நாலாவது ஷிப்ட்

எங்களைக் கல்யாணம் பிரித்தது என்று
ஊரில் சொல்கிறார்கள்.
இல்லை.
ஒரு ஆம்ப்ளிஃபயர்.
அதை முதலில் சொல்லிவிட்டு
ஆரம்பத்துக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு
சீசனில் மூன்று ஷிப்ட்.
தொண்ணூற்றெட்டு ஜூனில்
பெங்களூரா காய் ஏற்றிய லாரிகள்
ரவுண்டானா வரை நின்றன.
எங்கள் நாலு பேருக்கும் கொட்டை நீக்கும் மேசை.
முழங்கை வரை மஞ்சள்.
மெஷின் ஓடிய வேகத்துக்கு
மாதேஸ்வரி இரும்புத் தட்டில் கத்தியால் தட்டினாள்.
மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.
நாங்களும் பார்த்தோம்.

எலத்தகிரி ஜெசிந்தாவுக்குக் கோயிலில் கிட்டார் பழக்கம்:
பாதிரியார் சொல்லிக்கொடுத்த மூன்று கார்டு,
அவளே திருடிய நாலாவது.
பழையபேட்டை நூர்ஜபீன் பாடுவாள்.
வீட்டில் உருது, தெருவில் தெலுங்கு,
கோபம் வந்தால் மட்டும் தமிழ்.
அதனால்தான் எங்கள் பாட்டெல்லாம் தமிழில்.
பேஸ் கிட்டார் என்னிடம் வந்தது
வேறு யாரும் கேட்காததால்.
பெங்களூரில் பழசு, தொள்ளாயிரம் ரூபாய்.
திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்து
அரை டிக்கெட் கிழித்தார்.

ஆலையில் மூன்று ஷிப்ட்.
அது முடிந்து நாங்கள் அடித்தது நாலாவது.
பெயருக்கு அதற்குமேல் யோசிக்கவில்லை.

சீசன் ஓய்ந்த குடோனில்
கூரை தொட அடுக்கிய காலி டின்கள்.
ஒரு கார்டு அடித்தால்
அத்தனையும் லேசாக முனகும்.
பதிவு செய்ய வந்த பையன்
‘அந்தச் சத்தத்தை எடுத்துடலாமா அக்கா’ என்றான்.
‘உன்னை வேணா எடுக்கலாம்’ என்றாள் ஜெசிந்தா.

மாங்கனிக் கண்காட்சியில் பதினைந்து நிமிடம் கிடைத்தது,
நாய்க் கண்காட்சிக்கும் பரிசளிப்புக்கும் நடுவே.
‘அடுத்து, மகளிர் இன்னிசைக் குழு.’
துண்டுச் சீட்டுகள் வந்தன.
சினிமாப் பாட்டு, சினிமாப் பாட்டு, அம்மன் பாட்டு,
நடுவில் நிற்கும் பெண்ணின் பெயர் என்ன.
நூர்ஜபீன் எல்லாவற்றையும் மைக்கில் வாசித்தாள்,
கடைசிச் சீட்டை இரண்டு முறை.
பிறகு ‘கிலோவுக்கு நாற்பது பைசா’ தொடங்கினோம்,
எங்கள் கூலிக்கு நாங்கள் எழுதிய பாட்டு.
இரண்டாம் சரணத்தில் கரண்ட் போனது.
கிட்டார் செத்தது, மைக் செத்தது, நான் செத்தேன்.
மாதேஸ்வரி நிறுத்தவில்லை.
கும்மிருட்டில் அவள் மட்டும்
பதினோரு நிமிடம்.
பரிசு வாங்க நின்ற நாய்களெல்லாம் ஊளையிட்டன.

முதல் வரிசையில் ஆலை முதலாளி.
மறுநாள் நாலு பேரையும் மூன்று ஷிப்டில் கலைத்துப் போட்டார்.
குடோன் சாவியும் போயிற்று.
அதன்பின் கல்குவாரி ஓரம்,
வாடகை ஜெனரேட்டர்.
வெடி வைக்கும் நேரம் கேட்டு
அதற்குள் பாட்டை முடிப்போம்.
இரண்டு முறை வெடி
சரியாகத் தாளத்தில் விழுந்தது.

ஆறு வருஷம். பதினாறு மேடை.
ஒரு கேசட், இருநூறு பிரதி,
நூற்றுச்சொச்சம் இன்னும் என் பரணில்.

ஆம்ப்ளிஃபயர் சீட்டுக் காசில் வாங்கியது,
நாலு பேர் பங்கு.
ஒரு சனிக்கிழமை ஜெசிந்தா
யாரிடமும் சொல்லாமல் பெங்களூருக்கு எடுத்துப் போனாள்,
வேறொரு குழுவோடு வாசிக்க.
ஞாயிறு வந்தபோது
ஸ்பீக்கர் கிழிந்திருந்தது.
‘சொல்லியிருக்கலாமே.’
‘சொன்னா விட்டிருப்பியா?’
அதற்குப் பதில்
எனக்கு இன்னும் தெரியவில்லை.
நூர்ஜபீன் உருதுவில் ஏதோ சொன்னாள்.
தமிழில் திட்டியிருந்தால் பரவாயில்லை.
மாதேஸ்வரி இரண்டு குச்சியையும்
கொண்டையில் செருகிக்கொண்டு நடந்தே போனாள்.
கல்யாணங்கள் எல்லாம்
அதற்குப் பிறகுதான்.

பெட்டியை யாரோ யாருக்கோ விற்றோம்.

போன மே மாதம் மண்டியில்
ஏலக்காரர் கத்திக்கொண்டிருந்தார்:
செந்தூரா, பெட்டி நானூறு, நானூற்றிருபது...
அவர் குரலுக்கு அடியில்
அந்தக் கிழிசலின் உறுமல்.
எனக்கு வயிற்றில் தெரிந்தது, காதுக்கு முன்னால்.
வாங்க வந்ததை மறந்து
ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு
ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன்.
பதினெட்டு வருஷம் கழித்து முதல் பேச்சு.
நானூற்றைம்பது வரை அவள் வாய் திறக்கவில்லை.
பிறகு,
‘சுருதி சேரவே இல்ல’ என்றாள்,
‘உன் பேஸ் மாதிரியே.’